டிஷ்காரியின் வயித்தெரிச்சல்

வானத்துல இருந்து சும்மா கொட்டிக்கிட்டிருக்கிறதைப் புடிச்சு வீட்டுக்குள்ள விடுறதுதான் எங்க தொழில். இதைவிடச் சுலபமான தொழில் உண்டான்னு கேக்கிறவங்க ஒரே ஒரு நாள் என்கூட ஏணி ஏறி வாங்க.

ஏ.சி. மெக்கானிக், டேங்க் கழுவுறவங்க, சோலார் மாட்டுறவங்க, இன்னும் யாரெல்லாம் அடுத்தவங்க மொட்டை மாடியில நின்னு வெயில்ல வேகுறீங்களோ, நீங்க மட்டும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. மத்தவங்களுக்கு நான் சொல்றது புரியாது. புரிஞ்சாலும் நம்ப மாட்டாங்க. ஏழு மாசமா நான் பட்ட பாடு அந்த நம்பாத பாடுதான்.

என் பேரு ஹசீனா. கிழக்குத் தாம்பரத்துல எங்களுக்கு ஒரு டிஷ் கடை. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற டிஷ் இல்ல. அரசாங்கமே இலவசமா விடுற சேனல்கள் இருக்கு. ஒரு சின்ன டிஷ்ஷும் ஒரு பாக்ஸும் வாங்கி ஒரு தடவை மாட்டிட்டா அதோட சரி. அதை மாட்டிக் குடுக்கிற வேலை. எங்க வீட்டுக்காரர் நிஜாம் இருபது வருஷமா பண்ணார். அதுல பதினோரு வருஷம் நான் அவர் பின்னாடியே சிக்னல் மீட்டரைத் தூக்கிக்கிட்டுப் போனவ. டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பணும், எவ்வளவு சாய்க்கணும், எங்க ஒரு நூல் நகர்த்தினா படம் வரும்னு என் கைக்கே தெரியும். கடைசி நாலஞ்சு வருஷம் அவர் கீழ கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டிருப்பார், நான் மேல வச்சு முடிச்சிருப்பேன். கஸ்டமர் அவருக்குத்தான் நன்றி சொல்வாங்க.

போன வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்ல வண்டி சறுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுது. இப்ப நடக்கிறார், ஆனா மாடி ஏற முடியாது. பல்லாவரத்துல செருப்புக் கடை வச்சிருக்கிற அவர் அண்ணன், "கடையை மூடிட்டு என்கூட வந்து உக்காருடா"ன்னு கூப்பிட்டார். நான் விடல. மாடி ஏற நான் இருக்கேன்ல, எதுக்குக் கடையை மூடணும்னு சண்டை போட்டேன். எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் யோசிச்சார். அப்புறம் ஒரு கண்டிஷன் போட்டார். ரம்ஜான் நோன்பு ஆரம்பிக்க அப்ப ஏழு மாசம் இருந்துச்சு. "உனக்கு வேலை தெரியும் ஹசீனா, அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே! நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னை விட்டுட்டு உன்னைக் கேட்டு போன் பண்ணட்டும், கடையை வச்சுக்கலாம்."

காபி ஆறுது

ஏழு மாசத்துல ஒருத்தர் கூடவா கிடைக்க மாட்டாங்கன்னு தெம்பாத்தான் கிளம்பினேன். தனியாப் போன முதல் வேலை ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பக்கத்துல, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார் வீடு. ஸ்கூட்டி முன்னாடி டிஷ்ஷை நிறுத்தி, டூல்ஸ் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போய் நின்னேன். கேட்டைத் திறந்தவர் என்னைப் பாக்கல, என் தோளுக்குப் பின்னாடி தெருவைப் பாத்தார். "ஆள் பின்னாடி வர்றாராம்மா?"ன்னார். "நான்தான் சார் ஆள்"னேன். ஜோக் சொன்ன மாதிரி சிரிச்சுட்டு, உள்ள கூட்டிட்டுப் போய் ஃபேனைப் போட்டு, பேப்பரைக் கையில குடுத்தார். நல்ல மனுஷர்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

மாடியைப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு ஏறினேன். நாலு ஓட்டை போட்டேன். டிரில் சத்தம் கேட்டு அவர், பக்கத்து வீட்ல ஏதோ வேலை நடக்குதுன்னு ஜன்னலைச் சாத்தினார், கேபிள் இழுக்க அந்த ஜன்னலை நான்தான் மறுபடி திறக்க வேண்டியிருந்துச்சு. பாக்ஸை மாட்டி, டி.வி.யைப் போட்டு, சேனல் எல்லாத்தையும் வரிசைப்படுத்திட்டு நின்னேன். செய்தி வாசிக்கிற பொண்ணு தெளிவா வாசிச்சுக்கிட்டிருக்கு. சார் டி.வி.யைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடியும் கேட்டைப் பாத்தார்.

"பரவாயில்லையே, டெஸ்ட் பண்றதுக்கே படம் வருதே! ஏம்மா, மாட்டறதுக்கு உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்? அவருக்குப் போட்ட காபி ஆறுது."

நான் சொல்ல மாட்டேன்

ஓசின்னா பினாயிலையும் குடிப்பான்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். ஓசின்னா நம்ம ஜனம் தண்ணியைக் கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கும். சேலையூர்ல ஒரு டீச்சர். அக்கம்பக்கத்துல கேட்டு, நாலு நாள் யோசிச்சுதான் எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நான் மாடியில வேலை பாக்கிற நேரம் முழுக்கப் பக்கத்துலயே நின்னு கேள்வி. யாரு இதை விடுறாங்க? எதுக்கு விடுறாங்க? சும்மா விடுறதுல அவங்களுக்கு என்ன லாபம்? திடீர்னு ஒரு நாள் நிறுத்திடுவாங்களா? நாம பாக்கிறதை அவங்க அங்கேருந்து பாப்பாங்களா?

"டீச்சர், மழை பெய்யுதுல்ல, அதுக்கு யாருக்கிட்ட பில் கட்றோம்? அது மாதிரி இது"ன்னேன். உடனே, தண்ணி வரி கட்றோமேன்னாங்க. வகுப்புல உக்கார வச்சுட்டாங்க என்னை. பொறுமையா ஒண்ணு விடாம பதில் சொன்னேன். கடைசியில படமும் வந்துச்சு. பாக்ஸ் எந்தப் பேர்ல ரெஜிஸ்டர்னு கேட்டாங்க. ரெஜிஸ்டரே கிடையாது, உங்க பேரும் வேணாம், போன் நம்பரும் வேணாம்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பேர்கூட கேக்காதவன் எப்பேர்ப்பட்ட திருடனா இருப்பான்னு அவங்க முகத்துலயே ஓடுச்சு. செல்போனை எடுத்து முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டாங்க.

"நீ என்ன வேணா சொல்லும்மா, என்ன வேணா மாட்டு. ஓ.டி.பி. மட்டும் என் உயிரே போனாலும் நான் சொல்ல மாட்டேன்."

அக்னி மூலை

மாடம்பாக்கத்துல ஒரு புது வீடு, பெயின்ட் வாசனைகூட போகல. ஓனர் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கிறவர். அவர் வீட்டு வாஸ்துக்காரர் நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். நான் டிஷ்ஷைத் தென்கிழக்கா திருப்பினதும் ஐயையோன்னு எழுந்துட்டார். தென்கிழக்கு அக்னி மூலையாம். டிஷ் கிண்ணம் மாதிரி இருக்காம். கிண்ணம்னா தண்ணியாம். நெருப்பு மூலையைப் பாத்துத் தண்ணிக் கிண்ணத்தை வச்சா புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஓயாத சண்டையாம். ஈசானிய மூலையைப் பாத்துத் திருப்பும்மான்னார். "ஐயா, எனக்கு வாஸ்து தெரியாது. செயற்கைக்கோள் நம்ம ஊருக்குத் தென்கிழக்குலதான் நிக்குது, அதை ஈசானியத்துக்குத் தள்ள என்னால முடியாது. ஈசானியத்தைப் பாத்து வச்சா காக்காவும் வெயிலும்தான் தெரியும்"னேன். ஓனர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். "எதுக்கும் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்"னு போனை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கிட்டார்.

எங்க வீட்டுக்காரர் நல்லவர். நான் அங்க என்ன சொல்லியிருக்கேன்னு தெரியாம வாயை விட மாட்டார். "ஒரு நிமிஷம் சார்"னு அவரை லைன்ல நிறுத்திட்டு, கடையில இருக்கிற இன்னொரு போன்ல என்னைக் கூப்பிட்டார். என்ன சொல்றதுன்னு கேட்டார். நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கன்னேன். அப்படியே சொன்னார், காக்கா வெயில் உட்பட. ரெண்டு நிமிஷத்துல ஓனர் துள்ளிக்கிட்டு மேல வந்தார், வாஸ்துக்காரருக்கும் சேத்து விளக்கம் சொன்னார். வாஸ்துக்காரரும் தலையாட்டினார். எனக்குக் கையில இருந்த ஸ்பேனராலயே அந்தக் கிண்ணத்தைப் போட்டு உடைக்கலாமான்னு இருந்துச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நீங்க ஏதேதோ சொல்லி குழப்பிட்டீங்க. பாய் சொன்ன உடனே பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு!"

மாமனார் உக்கார்ற இடம்

பெருங்களத்தூர்ல ஒரு வீடு. நான் மாட்டிக் குடுத்து பத்து நாள்கூட ஆகல, கம்ப்ளெயின்ட். அதுவும் எங்கிட்ட இல்ல, எங்க வீட்டுக்காரர்கிட்ட. "பாய், உங்க வீட்டம்மா மாட்டினது ஸ்ட்ராங்கா இல்ல. தினமும் பன்னெண்டரைக்குப் படம் புட்டுக்குது." போய்ப் பாத்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. திரும்பி வந்தேன். மறுநாளும் போன். மூணாம் நாள் இதென்ன அநியாயம்னு பதினோரு மணிக்கே போய் மாடியில உக்காந்துட்டேன். சரியா பன்னெண்டரைக்கு வீட்டுக்கார அண்ணன் வாழையிலைத் துண்டுல சாதத்தோட வந்தார். சுவத்து மேல வச்சுட்டு, கா கான்னு கூப்பிட்டார். ஒரு அண்டங்காக்கா வந்துச்சு. எங்க உக்காந்துச்சுங்கிறீங்க? டிஷ்ஷுக்கு முன்னாடி ஒரு கம்பி நீட்டிக்கிட்டு, அது நுனியில சிக்னல் புடிக்கிற மூக்கு ஒண்ணு இருக்குமே, நேரா அது மேல. கம்பி சாஞ்சுது, கீழ டி.வி. போச்சு. சாதம் முழுக்கத் தின்னுட்டு, அலகைத் துடைச்சுக்கிட்டு, மறுபடி அதே இடத்துல வந்து சாவகாசமா கால் மணி நேரம் உக்காந்திருந்துச்சு.

"அண்ணே, சாதத்தை அந்தப் பக்கச் சுவத்துல வைங்க, எல்லாம் சரியாயிடும்"னேன். அவர் முகம் மாறிடுச்சு. காலமான அவங்க அப்பாவாம் அது. தினமும் அதே காக்காதான் வருதாம், கழுத்தைச் சாய்க்கிறதுகூட அப்பா மாதிரியே இருக்காம். "அவர் ஆசையா உக்கார்ற இடத்துல இருந்து அவரை விரட்டச் சொல்றியாம்மா? உன் ஃபிட்டிங் சரியில்லன்னு சொல்லு, அதை விட்டுட்டு எங்கப்பாவைக் குத்தம் சொல்லாத"ன்னுட்டார். புயலுக்குத் தாங்குற மாதிரி மாட்டலாம். அந்த வீட்டு மாமனாருக்குத் தாங்குற மாதிரி மாட்ட எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு? நம்பிக்கையோட விளையாடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, கம்பிக்குக் கீழ இன்னொரு இரும்புக் கம்பியை முட்டுக் குடுத்து இறுக்கினேன். கூடுதல் வேலை, கெட்ட பேர், ரெண்டும் எனக்கு. கீழ இறங்கினப்ப, பகல் சீரியல் பத்து நாளா பாக்க முடியாம நொந்து போயிருந்த அந்த வீட்டு அக்கா என்னை சமையல்கட்டுப் பக்கம் இழுத்தாங்க.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா, உயிரோட இருந்தப்பவும் எங்க மாமனார் ரிமோட்டை யாருக்கும் குடுத்ததில்ல."

ஒத்தையா ஒரு பக்கம்

இப்படியே ஆறு மாசம் ஓடிப் போச்சு. எத்தனை வீடு மாட்டினேன், எத்தனை மாடி ஏறினேன், எல்லா வீட்லயும் படம் வருது. போன் வந்தா மட்டும் "நிஜாம் பாய் இருக்காரா?" என் பேரை நான் சொல்லிட்டுத்தான் வரேன். எழுதியும் குடுத்துட்டு வரேன். டிஷ்ஷுலயும் பாக்ஸ்லயும் ஒட்டுற ஸ்டிக்கர்ல எங்க கடைப் பேருக்குக் கீழ என் பேரையும் அடிச்சேன். அதைப் பாத்துட்டு ஒருத்தர், கடை வாரிசு பேரான்னு கேட்டார். எனக்கு நாப்பத்தாறு வயசு.

நோன்புக்குப் பதினெட்டு நாள் இருந்தப்ப வண்டலூர்ல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட். ஜூ சிங்கம் கத்துறது காலையில கேக்குமே, அந்தப் பக்கத் தெரு. ரெண்டு வாரம் முன்னாடி நான் மாட்டினது, அருமையா வந்துக்கிட்டிருந்த படம் சுத்தமா இல்ல. மேல போனா, டிஷ் முழுசா தெற்குப் பக்கம் திரும்பி நிக்குது. தானா திரும்பாதே, யாரு கை வச்சதுன்னு கேட்டேன். வீட்டுக்கார சார் கூசாம சொன்னார். "படம் வந்துச்சு, இல்லைங்கல. ஆனா லேடீஸ் மாட்டினதாச்சே, எதுக்கும் ஒரு ஆம்பள ஆளை வச்சு செக் பண்ணிட்டா நல்லதுன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர்தான் சரி பண்ணார்." கேட்டுக்கிட்டீங்களா? வந்துக்கிட்டிருந்த படத்தைச் சரி பண்ணியிருக்கான்! அந்தத் தெருவுல மத்த எல்லா வீட்லயும் காசு கட்டுற டிஷ். அது வேற செயற்கைக்கோள், வேற திசை. அதையெல்லாம் பாத்துட்டு இதையும் அதே பக்கம் வரிசையா நிக்கிற மாதிரி திருப்பி வச்சுட்டுப் போயிருக்கான் புண்ணியவான்.

மறுபடி திருப்பி, படத்தைக் கொண்டு வந்து, ஏன் இந்தத் திசைன்னு விளக்கி, இனிமே யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. வீட்டுக்கு வந்தா, அந்த சார் அதுக்குள்ள எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டார், நான் கோவமாப் பேசினேன்னு. எங்க வீட்டுக்காரர் என்னை ஒண்ணும் சொல்லல. நோன்புக்கு அப்புறம் வரேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்னு மட்டும் சொன்னார். அன்னிக்கு நான் அழுதேன். கோவத்துல வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை. வண்டலூர்க்காரர் வாசல் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பினப்ப சொன்னது காதுலயே நின்னுச்சு.

"தெருவே ஒரு பக்கம் பாக்கும்போது உன் டிஷ்ஷு மட்டும் ஒத்தையா வேற பக்கம் பாக்குதேம்மா, உனக்கே ஒரு மாதிரியா இல்ல?"

இத்தா வீடு

நோன்புக்குப் பன்னெண்டு நாள் இருந்தப்ப கோவளத்துல இருந்து ஒரு போன். பேசினது ஒரு அம்மா. "பாய், உங்க கடையில டிஷ் வேலைக்குப் பொம்பளை யாரோ வருவாங்களாமே? அவங்களை அனுப்புங்க. எங்க அக்கா இத்தா இருக்கா." எங்கள்ல புருஷன் இறந்துட்டா மனைவி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருப்பாங்க. வீட்டை விட்டு வெளிய போக மாட்டாங்க, வெளி ஆம்பளைங்க முன்னாடி வர மாட்டாங்க. டிஷ் மாட்ட ஆம்பளை வந்தா உள்ள புழங்கணும், டி.வி. கிட்ட வரணும். அதனால பொம்பளை.

போனை வச்சதும் எங்க வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லு. "பாத்தியா, உன்னைக் கேட்டு வந்துருச்சு! கண்டிஷன் முடிஞ்சுது, அண்ணன்கிட்ட வரலைன்னு சொல்லிடறேன்." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எங்க என்னைக் கேட்டாங்க? பொம்பளையைக் கேட்டாங்க. ஏழு மாசமா பொம்பளைன்னு வேணாம்னாங்க, இன்னிக்குப் பொம்பளைன்னு வேணும்னாங்க. வேலை தெரிஞ்சவ வேணும்னு யாரு கேட்டாங்க? நானில்லாம உங்க தங்கச்சி ஸ்பேனரைத் தூக்கிட்டுப் போயிருந்தாலும் அவங்களுக்கு சரிதான். இது கணக்குல சேராது." பைத்தியமா உனக்குன்னார். இருக்கலாம். தோத்தாலும் தோக்கிறேன், ஏமாத்தி ஜெயிக்க மாட்டேன்னு சொல்லிட்டு ஸ்கூட்டியை எடுத்துட்டேன்.

அந்த அக்கா பேரு ஜொஹரா. அவங்க வீட்டுக்காரர் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் பண்ணவர், போய் ரெண்டு மாசம். இத்தாவுல டி.வி. எதுக்குன்னு சொந்தக்காரங்க கேட்டிருக்காங்க. "பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க தங்கச்சி. நாலு சுவரு. நியூஸாவது கேட்டா, வீட்ல ஒரு மனுஷக் குரல் இருக்கும்ல?"ன்னு என்கிட்ட நியாயம் கேட்டாங்க. எங்கிட்ட எதுக்குக்கா கேக்கிறீங்க, வச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்னேன். ஆனா நடக்காதுன்னு அவங்களே சொன்னாங்க. அவர் இருந்தப்பவே ரெண்டு டிஷ்காரங்க வந்து பாத்தாங்களாம். வீட்டுக்கு முன்பாதிதான் மாடி, பின்பாதி ஓடு. மாடியை ஒட்டி, தென்கிழக்குல நாலு தென்னை. ரெண்டு பேரும் மாடியில ஏறிப் பாத்துட்டு, தென்னை மறைக்குது, இந்த வீட்டுக்கு வாய்ப்பே இல்லன்னு இறங்கிப் போயிட்டாங்க.

நானும் ஏறிப் பாத்தேன். மட்டை முகத்துல இடிக்குது, வாஸ்தவம்தான். ஆனா நம்ம தொழில்ல ஒரு மூடப்பழக்கம் இருக்கு. ஆன்டெனா காலத்துல இருந்து வந்த பழக்கம். டிஷ்ஷுன்னா மாடியில, எவ்வளவு உசரமோ அவ்வளவு நல்லதுன்னு. செயற்கைக்கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல நிக்கிற சாமானய்யா, நீ இருபது அடி ஏறி நின்னா என்ன, தரையில நின்னா என்ன? நம்ம ஊருக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலயே நிக்குது. மரத்தடியில நின்னாத்தான் மரம் வானத்தை மறைக்கும், தள்ளி வந்துட்டா மரத்துக்கு மேல வானம் தெரியும். வீட்டைச் சுத்திக்கிட்டுப் பின்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லுப் பக்கத்துல தரையில உக்காந்து அண்ணாந்து பாத்தேன். ஓட்டுக்கு மேல, தென்னைக்கும் மேல, தாராளமா வானம். அங்கயே சிமென்ட் போட்டு, முழங்கால் உசரத்துக்கு டிஷ்ஷை நிறுத்தினேன். கடல் காத்துல துருப்புடிக்காம இருக்க இணைப்பெல்லாம் டேப் சுத்தினேன். மீட்டர் எகிறிடுச்சு. உள்ள செய்தி வாசிக்கிற சத்தம் கேட்டதும் ஜொஹரா அக்கா பின்கதவு வரைக்கும் வந்து, கல்லுப் பக்கத்துல நிக்கிற டிஷ்ஷைப் பாத்தாங்க.

"ரெண்டு ஆம்பளைங்க, ரெண்டு பேரும் மேலயே ஏறிப் பாத்தாங்க. கீழ வந்து பாக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே தங்கச்சி!"

மாமரம்

நோன்புக்கு மூணு நாள். யாரும் கூப்பிடல. எங்க வீட்டுக்காரர் கடையில அலமாரியைக் காலி பண்ணி அட்டைப்பெட்டியில கட்டிக்கிட்டிருந்தார், நான் அவர்கூடப் பேசாம கேபிளைச் சுருட்டிக்கிட்டிருந்தேன். கோவளத்தைக் கணக்குல சேத்திருக்கலாமோன்னு மனசு அடிச்சுக்குது, வாயைத் திறந்து சொல்ல ரோஷம் விடல. போன் அடிச்சுது. அவர் கையில பெட்டி இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டார்.

"பாய், வணக்கம், கேளம்பாக்கம் பாபு பேசுறேன், நானும் டிஷ் லைன்தான். கோவளத்துல ஒரு வூட்டுப் பின்னால தரையில டிஷ்ஷு நிக்குது பாத்தேன், உங்க கடை ஸ்டிக்கர் ஒட்டிக்கீது. அந்த வூட்டுக்கு வேலைக்கு ஆவாதுன்னு நான் சொல்லிட்டு வந்தவன் பாய். எப்படி பாய் வச்சீங்க?" நான் வைக்கலன்னார் எங்க வீட்டுக்காரர். "அப்ப வச்சவராண்ட குடுங்க. மேடவாக்கத்துல ஒரு மாமரம், மூணு நாளா மண்டை காயுது." எங்க வீட்டுக்காரர் விடல. "எங்கிட்ட சொல்லுங்க தம்பி, நான் இந்தத் தொழில்ல இருபது வருஷம்." அந்தப் பையன் பாபு கொஞ்சம் இழுத்தான். "கோச்சுக்காதீங்க பாய். இருவது வருசக்காரங்க நாலு பேரைக் கேட்டுட்டேன், அல்லாரும் மாடி மேல வை, இன்னும் மேல வைன்றாங்கோ. எனக்குத் தரையில வச்சவருதான் வேணும்."

எங்க வீட்டுக்காரர் பெட்டியைக் கீழ வச்சுட்டு, போனை என் பக்கம் நீட்டினார். வாங்கினேன். "நான்தான் வச்சேன். என் பேரு ஹசீனா." சரி, ஆரம்பிக்கப் போறான்னு நினைச்சேன். ஆம்பள யாரும் இல்லையான்னு மட்டும் ஒரு வார்த்தை கேக்கட்டும், ஏழு மாசத்துக்கும் சேத்து இவன் ஒருத்தனையே வாங்கு வாங்குன்னு வாங்கிடறேன்னு மூச்சை இழுத்துப் புடிச்சுக்கிட்டேன். அவன் கேட்டது வேற. "அக்கா, மரம் வூட்டுக்குக் கெயக்கால கீது, பின்னாடி கெணறு. கெணத்தாண்ட வச்சா போதுமா, இன்னும் தள்ளணுமா?" அவ்வளவுதான். இழுத்துப் புடிச்ச மூச்சு அப்படியே வெளிய வந்துச்சு. மரம் எவ்வளவு உசரம், வீட்டுக்கும் கிணத்துக்கும் எத்தனை அடின்னு கேட்டேன். அவன் சொன்னான். நான் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். நடுவுல பொம்பளைங்கிற வார்த்தையே வரல. போனை வச்சுட்டுத் திரும்பினா, எங்க வீட்டுக்காரர் பெட்டியைப் பிரிச்சு சாமானை மறுபடி அலமாரியில அடுக்கிக்கிட்டே, தோள்ல இன்னொரு போனை இடுக்கிக்கிட்டு அவர் அண்ணன்கூடப் பேசிக்கிட்டிருந்தார்.

"இல்லண்ணே, நான் வரல, இங்க எனக்கே எடுபிடி வேலை நிறைய இருக்கு, ஹசீனாவுக்கு வர்ற போனை யாரு எடுக்கிறது?"

ஏழு மாசமா மனுஷங்களை நம்பி மாடி மாடியா ஏறினேன். கடைசியில என் கடையைக் காப்பாத்தினது ஒரு மாமரம்.